தோலில் படை, இதயத்தில் கவனம்

ஒரு பெயிண்டரை நினைத்துப் பாருங்கள். வயது 38. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். பதினைந்து வருடமாகத் தில்லியில் வேலை பார்க்கிறார். சுவருக்குப் பட்டி பார்ப்பார். பெயிண்ட் அடிப்பார். வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள்.

நான்கு வருடமாக அவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் படை. படை சிவந்து தடித்திருக்கும். மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். குளிர்காலம் வந்தால் அது தலைக்கும் முதுகுக்கும் பரவும். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்தார். மருந்துக் கடையில் கேட்டுக் களிம்பு வாங்கிப் போட்டார். படை குறையும், பிறகு திரும்ப வரும்.

ஒரு நாள் மனைவி சொன்னார்: "என்னங்க, இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். நானும் வர்றேன்."

இருவரும் போனார்கள். டாக்டர் தோலைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். மூட்டு வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். எடை பார்க்கச் சொன்னார். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சீட்டு எழுதினார். "பீடி உண்டா?" என்றும் கேட்டார்.

பெயிண்டருக்குக் குழப்பம். வெளியே வந்ததும் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் கேட்டார்: "சிஸ்டர், நான் படைக்குத்தானே வந்தேன்? பி.பி. எதுக்கு? கொழுப்பு எதுக்கு? இதெல்லாம் நெஞ்சு வலிக்காரங்களுக்குப் பார்க்கிறதாச்சே?"

நர்ஸ் சிரித்தார். "அண்ணே, நீங்க பெயிண்டர்தானே? சுவர்ல பெயிண்ட் பொரிஞ்சு உரிஞ்சா என்ன செய்வீங்க?"

"முதல்ல ஓதம் எங்கேயிருந்து ஏறுதுன்னு பார்ப்பேன். உள்ளே குழாய் கசிஞ்சா, மேலே எத்தனை கோட்டு அடிச்சாலும் நிக்காது."

"இதுவும் அப்படித்தாண்ணே. படை தோல்ல தெரியுது. ஆனா கோளாறு உள்ளே இருக்கு. அந்தக் கோளாறு இதயத்தையும் தொடலாம். அதனாலதான் டாக்டர் எல்லாத்தையும் பார்க்கச் சொல்றார்."

நர்ஸ் சொன்னதன் பொருள் என்ன? தோலில் வரும் படைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

இது என்ன நோய்?

இந்த நோயின் பெயர் சோரியாசிஸ். சித்த மருத்துவர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

நம் தோல் தினமும் புதிதாகிறது. அடியில் புதிய தோல் அணுக்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மேலே வருகின்றன. பழையவை கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும்.

சோரியாசிஸ் வந்த இடத்தில் இந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. பழைய தோல் உதிர்வதற்குள் புதியது வந்து குவிகிறது. அதனால்தான் தோல் தடிக்கிறது, செதில் செதிலாக உரிகிறது.

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் இது அதிகம் வரும். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் விழலாம். வெளுத்த தோலில் படை சிவப்பாகத் தெரியும். கறுத்த தோலில் ஊதா நிறமாகவோ பழுப்பாகவோ தெரியும். சிலருக்கு அரிப்பு கடுமையாக இருக்கும். சொறிந்து காயம் பட்ட இடத்தில் புதிய படை வரவும் கூடும்.

இந்த நோய் உள்ளவர்களில் 10 பேரில் 3 பேர் வரை மூட்டு வலியும் வரலாம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்திருக்கும். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இது ஒட்டிக்கொள்ளாது

சோரியாசிஸ் தொற்று நோய் அல்ல. இதற்குக் கிருமி காரணம் இல்லை. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது. உதிரும் செதிலாலும் பரவாது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது.

ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைத் தொழுநோய் என்று நினைத்தார்கள். ஐரோப்பாவில் பலரை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ஃபெர்டினான்ட் ஹெப்ரா, சோரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோயும் இன்று மருந்தால் முழுதாகக் குணமாகும் நோய்தான். அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கு இலவச மருந்து உண்டு. எந்த நோய்க்காகவும் யாரையும் ஒதுக்குவது தவறு.

2014-ஆம் ஆண்டில் உலக சுகாதார சபை சோரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இது தொற்றாத நோய், நீண்டகாலம் இருக்கும் நோய், இதை நாடுகள் கவனிக்க வேண்டும் என்று அந்தத் தீர்மானம் சொன்னது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலக சோரியாசிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தக் காவலர்கள். கிருமி உள்ளே வந்தால் அவை ஓடி வந்து சண்டை போடும். சண்டை நடக்கும் இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குவது இதனால்தான். இதற்கு அழற்சி என்று பெயர். முள்ளை எடுத்தால் சண்டை முடியும். வீக்கம் வற்றும்.

சோரியாசிஸில் முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் காவலர்கள் சண்டை போடுகிறார்கள். சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறார்கள். ஓடி வாருங்கள் என்று மற்ற காவலர்களுக்கும் செய்தி அனுப்புகிறார்கள். சில வேதிப்பொருட்கள்தான் அந்தச் செய்திகள். அவை தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகின்றன. இப்படி அழற்சி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கிறது.

இதயத்துக்கு எப்படிப் போகிறது?

இதயம் ஒரு பம்பு. அது நாள் முழுவதும் இரத்தத்தை இறைக்கிறது. அந்தப் பம்பு வேலை செய்ய அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் மேலேயே படர்ந்திருக்கின்றன. அவை மிகவும் மெல்லியவை.

இந்தக் குழாய்களின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். நீண்ட நாள் அழற்சி அந்த வழவழப்பைக் கெடுக்கிறது. கெட்ட இடத்தில் கொழுப்பு ஒட்டுகிறது. கொழுப்பைத் தின்ன வெள்ளை அணுக்கள் வருகின்றன. அவையும் அங்கேயே சிக்குகின்றன. மெல்ல மெல்லக் குழாய்க்குள் ஒரு மேடு வளர்கிறது. பழைய தண்ணீர்க் குழாயில் துருவும் உப்பும் படிவது போல இது நடக்கிறது.

ஒரு நாள் அந்த மேடு வெடிக்கலாம். வெடித்த இடத்தில் இரத்தம் உறையும். குழாய் அடைபடும். இதயத் தசைக்கு இரத்தம் கிடைக்காமல் போகும். இதுதான் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் இப்படி அடைபட்டால் பக்கவாதம்.

எனவே தோலில் படையை உண்டாக்கும் அதே அழற்சி, இரத்தக் குழாயிலும் கெடுதல் செய்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சோரியாசிஸ் உள்ளவர்களிடம் உடல் பருமன், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவை மற்றவர்களை விட அதிகமாகக் காணப்படுகின்றன. காஷ்மீரின் ஸ்ரீநகரில் நடந்த ஓர் ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளியானது. அங்கும் இந்தக் கோளாறுகள் சேர்ந்து வருவது சோரியாசிஸ் நோயாளிகளிடம் அதிகமாக இருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

2006-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பிரிட்டனில் சோரியாசிஸ் உள்ள சுமார் 1,30,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சோரியாசிஸ் இல்லாத 5,50,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயது, புகை, சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகமாக இருந்தது.

லேசான சோரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு ஆபத்து சுமார் 1.3 மடங்கு. கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு சுமார் 3 மடங்கு. கடுமையான நோய் உள்ள 60 வயதுக்காரருக்கு சுமார் 1.4 மடங்கு. அதாவது, நோய் கடுமையாக இருந்து வயதும் குறைவாக இருந்தால், மற்றவர்களோடு ஒப்பிடும்போது வித்தியாசம் பெரிது.

மூன்று மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வயதில் 1,000 பேரில் ஒருவருக்கு மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு என்றால் 1,000 பேரில் 3 பேருக்கு வரும். மீதி 997 பேருக்கு வராது. படை வந்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

2017-ஆம் ஆண்டில் இன்னோர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேர் அதில் பங்கு பெற்றார்கள். அவர்களில் சிலருக்கு ஓர் ஊசி போட்டார்கள். அந்த ஊசி கொழுப்பைக் குறைக்காது, அழற்சியை மட்டும் குறைக்கும். ஊசி போட்டவர்களுக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. கொழுப்பைப் போலவே அழற்சியும் இதயத்துக்குப் பகை என்று இதனால் தெளிவானது. ஆனால் அந்த ஊசி விலை மிக அதிகம். கிருமித் தொற்று வரும் ஆபத்தும் உண்டு. அதனால் அது இதயத்துக்கான சாதாரண மருந்தாக ஆகவில்லை.

2018-ஆம் ஆண்டில் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் கொழுப்புச் சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. இதய ஆபத்தைக் கூட்டும் காரணங்களின் பட்டியலில் சோரியாசிஸையும் அவை சேர்த்தன. தோல் டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

தில்லியில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

இந்தியர்களுக்கும் அண்டை நாட்டவர்களுக்கும் மாரடைப்பு சீக்கிரமாகவே வருகிறது. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. நம் பகுதியில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாடுகளில் அது சுமார் 59 வயதில் வந்தது. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஆறு வருடம் முன்பே விழுந்தால், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? வீட்டுக் கடன் என்ன ஆகும்?

தில்லி நகரத்தில் 25 முதல் 64 வயது வரையுள்ள 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 1990-ஆம் ஆண்டில் வெளியானது. 1,000 பேரில் சுமார் 97 பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்தவர்களும் இந்த நகரத்து வாழ்க்கைக்குத்தான் பழகுகிறார்கள். உட்கார்ந்த வேலை, எண்ணெய்ப் பலகாரம், ஓய்வில்லாத அலைச்சல் ஆகியவை சேர்ந்துகொள்கின்றன.

அடுத்தது காற்று. நவம்பர் முதல் ஜனவரி வரை தில்லியின் காற்றில் புகையும் தூசியும் மிக அதிகம். மிக நுண்ணிய தூசி நுரையீரல் வழியாக இரத்தம் வரை போகிறது. இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அதே மாதங்களில் குளிரும் வறட்சியும் தோலை உலர வைக்கின்றன. வெயிலும் குறைவு. அதனால் படையும் அதிகமாகிறது. ஒரே காலத்தில் தோலுக்கும் இதயத்துக்கும் சோதனை.

வெட்கம் ஒரு சங்கிலி

இந்தப் பெயிண்டரின் வாழ்க்கையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

படையைப் பார்த்து முடிவெட்டுபவர் ஒரு நாள் தயங்கினார். வேலை கொடுத்த வீட்டுக்காரர் டம்ளரில் டீ கொடுக்காமல் பேப்பர் கப்பில் கொடுத்தார். ஊர்க்காரர் கல்யாணத்தில் ஒருவர் பந்தியில் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அதற்குப் பிறகு பெயிண்டர் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வேலை முடிந்தால் அறையில் முடங்குவார். பீடி இரண்டு மடங்கானது. மாலையில் குடியும் வந்தது. தூக்கம் கெட்டது. தொந்தி விழுந்தது.

பீடியும் குடியும் கவலையும் சோரியாசிஸை அதிகமாக்கும். பீடியும் பருமனும் இதயத்தையும் கெடுக்கும். படை அதிகமானால் வெட்கமும் அதிகமாகும். வெட்கம் அதிகமானால் மறுபடி பீடி. இப்படி ஒரு சங்கிலி உண்டாகிறது.

இந்தச் சங்கிலியை அறுப்பதில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் உட்காருங்கள். கை கொடுங்கள். டம்ளரில் டீ கொடுங்கள். செலவில்லாத உதவி இது.

என்னென்ன பரிசோதனை?

சோரியாசிஸ் உள்ளவர்கள் தங்கள் அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. இரத்த அழுத்தம்: 140/90-ஐத் தொட்டாலோ அதற்கு மேல் போனாலோ டாக்டரிடம் பேச வேண்டும்.

2. சர்க்கரை: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

3. இரத்தக் கொழுப்பு: எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆளுக்கு ஏற்ப டாக்டர் சொல்வார். சோரியாசிஸ் இருப்பதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

4. இடுப்புச் சுற்றளவு: தையற்காரரின் டேப்பால் வீட்டிலேயே அளக்கலாம். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது.

30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பார்க்கும் திட்டம் நாடு முழுவதும் இருக்கிறது. தில்லியில் பக்கத்து டிஸ்பென்சரியில் கேட்கலாம். படை கடுமையாக இருந்தால் எய்ம்ஸ், சஃப்தர்ஜங் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவுக்குப் போகலாம். இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் எதிரெதிரே இருக்கின்றன. எய்ம்ஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு அளவுகளை எழுதி வையுங்கள். சாப்பிடும் மருந்தின் பெயரையும் எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

மருந்தில் கவனம்

சோரியாசிஸை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். லேசான படைக்குக் களிம்பு போதும். சிலருக்கு ஆஸ்பத்திரியில் ஒளிச் சிகிச்சை கொடுப்பார்கள். கடுமையாக இருந்தால் மாத்திரை, ஊசி. நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: ஸ்டீராய்டு. மூன்று நாளில் படை போகும் என்று சொல்லிச் சிலர் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். படை உடனே மறையும். நிறுத்தியதும் முன்னை விடக் கடுமையாகத் திரும்பலாம். உடல் முழுவதும் சிவந்து உரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஸ்டீராய்டு மாத்திரை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். ஸ்டீராய்டு களிம்பைக்கூட டாக்டர் சொன்ன அளவுக்குத்தான் போட வேண்டும்.

இரண்டு: மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. இது நல்ல மருந்து. சோரியாசிஸுக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, ஈரல் கெடும். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும்.

மூன்று: இதய மருந்து. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் சிலருக்குப் படையை அதிகமாக்கலாம். அட்டினோலால், புரோப்பனலால் அந்த வகை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

நான்கு: நாட்டு மருந்தோ சித்த மருந்தோ சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தோலுக்கு நல்ல மருந்து கொடுத்தால் இதய ஆபத்தும் குறையுமா? இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பீடியை விடுவது, அழுத்தத்தைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுவது ஆகியவை இதயத்தைக் காக்கும் என்பது உறுதியாகத் தெரிந்ததே.

அன்றாடம் என்ன செய்யலாம்?

பீடி, சிகரெட், குட்கா எல்லாவற்றையும் விட வேண்டும். படைக்கும் இதயத்துக்கும் இதுவே முதல் மருந்து.

வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். குளிர்காலத்தில் விடியற்காலைப் புகைமூட்டத்தில் நடக்காதீர்கள். வெயில் வந்து மூட்டம் விலகிய பிறகு நடங்கள். இளவெயில் படைக்கும் நல்லது. தோல் கருகும் அளவு வெயில் கூடாது.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு டீ ஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலும் உப்பு இருக்கிறது. சமோசா, பக்கோடா, பட்டூரா தினசரி உணவாக வேண்டாம். ஒரு முறை காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் செய்யும் பலகாரம் இதயத்துக்குக் கெடுதல். வனஸ்பதியும் வேண்டாம். கீரை, காய், பயறு, பழம் அதிகம் சாப்பிடலாம். சோரியாசிஸுக்காகத் தனிப் பத்தியம் தேவையில்லை. உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் படையும் குறைய வாய்ப்பு உண்டு.

குளித்ததும் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவ வேண்டும். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். செதிலைப் பிய்க்க வேண்டாம். பீர்க்கங்கூட்டாலும் கல்லாலும் தேய்க்க வேண்டாம்.

இந்த அறிகுறி வந்தால் தாமதம் கூடாது

நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம். இடது கை, தோள், தாடை, முதுகு ஆகிய இடங்களுக்கு வலி பரவுதல். குப்பென்று வியர்வை. மூச்சுத் திணறல். வாந்தி, மயக்கம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கடும் வலி இல்லாமல் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டுமே வரலாம்.

வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சீக்கிரம் போனால் அடைப்பை நீக்க முடியும்.

பெயிண்டர் என்ன செய்தார்?

பரிசோதனை முடிவு வந்தது. இரத்த அழுத்தம் 150/96. சர்க்கரை இல்லை. கொழுப்பு அதிகம். இதுவரை அவருக்கு ஒரு தொந்தரவும் தெரிந்ததில்லை. படைக்காகப் போகாமல் இருந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

"பார்த்தீங்களா? படையே உங்களை இங்கே கூட்டிட்டு வந்திருக்கு" என்றார் நர்ஸ்.

"ஆமாம் சிஸ்டர். உள்ளே ஓதம் இருக்குன்னு சுவர் சொல்லுது. நான்தான் இத்தனை வருஷம் மேலேயே பூசிட்டு இருந்தேன்."

மனைவி மகளின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கோடு போட்டு எடுத்தார். தேதி, பி.பி., எடை, மாத்திரை என்று நான்கு கட்டம். முதல் வரியைப் பெயிண்டரே எழுதினார். அன்று மாலை சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை மனைவியிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் குழந்தைகளோடு மலை மந்திர் படிகளில் ஏறினார்கள். அவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்.

சிந்தித்துப் பதில் சொல்லுங்கள்

1. சோரியாசிஸ் ஏன் ஒட்டிக்கொள்ளாது?

2. தோலில் உள்ள அழற்சி இதயத்தின் இரத்தக் குழாயை எப்படிக் கெடுக்கிறது?

3. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

4. உங்கள் தெருவில் தோல் நோய் உள்ள ஒருவரை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? அதை மாற்ற நீங்கள் என்ன செய்யலாம்?

5. உங்கள் வீட்டில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.